மலையின் பெயரும் திருச்சபையின் மனச்சாட்சியும்

ஓர் இனத்தாரைப் புண்படுத்தும் இடப்பெயரை மாற்றுவது வரலாற்றை அழிப்பதாகுமா? அமெரிக்காவில் பூர்வகுடிப் பெண்களை இழித்துரைக்கும் சொல்லொன்று ஏறக்குறைய 650 இடங்களின் பெயர்களிலிருந்து 2022-இல் நீக்கப்பட்டது. இழிசொல்லைக் காக்க வேண்டுவதில்லை என்பது தெளிவு. ஆனால் நீக்கப்படுவது சபையார் போற்றிய ஒருவரின் பெயராயின் நாம் என் சொல்வோம்?

கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த மலையொன்று ஜான் எவான்ஸ் பெயரைத் தாங்கி நின்றது. அவர் மருத்துவர், மெதடிஸ்ட் சபையின் முதன்மையான விசுவாசிகளுள் ஒருவர், பல்கலைக்கழகங்களை நிறுவத் துணைநின்றவர். கொலராடோவின் ஆளுநராயிருந்த அவர், பகைவரெனக் கருதப்படும் பூர்வகுடியினரைக் கொல்ல 1864 ஆகஸ்டில் குடிமக்களுக்கு அனுமதியளித்தார். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று, சமாதானத்தை நாடி சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் தங்கியிருந்த செயென், அரபாஹோ மக்களைப் படையினர் தாக்கினர். ஏறக்குறைய 230 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள், முதியோர். படையை நடத்திய ஜான் சிவிங்டன் மெதடிஸ்ட் போதகர் என்பதை நாம் வேதனையோடு நினைக்கிறோம். எவான்ஸ் அத்தாக்குதலுக்கு நேரில் ஆணையிடவில்லை. எனினும் 1865-இல் பதவி விலக நேர்ந்தது.

ஐக்கிய மெதடிஸ்ட் சபை இப்படுகொலைக்காக 1996-இல் மன்னிப்புக் கோரியது; அதற்குள் 132 ஆண்டுகள் கடந்திருந்தன. மலையின் பெயர் 2023-இல்தான் 'நீல வானம்' என மாற்றப்பட்டது. அப்புதிய பெயர் தங்கள் புனிதச் சடங்கைச் சார்ந்தது என வடக்குச் செயென் மக்கள் மறுப்புத் தெரிவித்தனர். புண்பட்டோர் அனைவரும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆதலின் கேட்கும் கடமை பெயர்மாற்றத்தோடு முடிவதில்லை.

இங்கு வரலாறு அழிந்ததா? இல்லை. கொலைக்களம் இன்றும் தேசிய வரலாற்றுத் தலமாக விளங்குகிறது. 'படுகொலை' என்னும் சொல் அதன் பெயரிலேயே நிற்கிறது. ஆகானின் பாவத்தை நினைவூட்டும் ஆகோர் பள்ளத்தாக்கின் பெயரை ஓசியா மாற்றவில்லை. அதனையே நம்பிக்கையின் வாசலாகக் கண்டார். பாவத்தை நினைவூட்டும் பெயர் வேறு. பாவத்திற்குப் பங்காளியானவரை மேன்மைப்படுத்தும் பெயர் வேறு. முன்னதைக் காப்பதும் பின்னதை நீக்குவதும் ஒரே மனந்திரும்புதலின் இரு செயல்கள் என்பதே நம் துணிபு. சபை வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போருமாகிய நாம், நம் முன்னோரைப் பற்றி எழுதுகையிலும் இவ்வேறுபாட்டை மறவாதிருப்போமாக.