பரிமாணக் குறி (சுற்றுப்பலகை வடிவமைப்பு)

பரிமாணக் குறி என்பது அச்சிட்ட சுற்றுப்பலகையின் வரைபடத்தில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவையோ, ஒரு வளைவின் ஆரத்தையோ எண்ணாலும் கோடுகளாலும் காட்டும் வரைபொருள் ஆகும். பலகையின் நீளம், அகலம், திருகுத் துளைகளின் இடைவெளி, இணைப்பான்கள் அமையும் இடம் ஆகியவற்றைப் பலகையைத் தயாரிப்பவருக்கும் அதற்குப் பெட்டி செய்பவருக்கும் இக்குறிகள் தெரிவிக்கின்றன.

பலகையை வெட்டும் இயந்திரம் பரிமாணக் குறியைப் படிப்பதில்லை. அது விளிம்புக் கோட்டின் ஆயத்தொலைவுகளை மட்டுமே பின்பற்றும். எனவே குறியில் 56 மி.மீ. என்று எழுதியிருந்து, விளிம்புக் கோடு 55 மி.மீ. ஆக இருந்தால், பலகை 55 மி.மீ. ஆகவே வெட்டப்படும், ஆனால் பெட்டி செய்பவர் 56 மி.மீ. என்று நம்பியிருப்பார். குறிகளை இடுவது எளிது. பிற்பாடு வடிவம் மாறும்போது அவற்றை உண்மையோடு ஒத்திருக்கச் செய்வதே கடினம். இக்கட்டுரை கிகேட் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது. கிகேட் 1992 இல் பிரான்சைச் சேர்ந்த சான்-பியர் சாரா என்பவரால் தொடங்கப்பட்டது. 2013 இல் செர்ன் ஆய்வகம் அதன் வளர்ச்சிக்கு உதவத் தொடங்கியது.

== உறுப்புகள் ==

ஒரு பரிமாணக் குறியில் நான்கு உறுப்புகள் உண்டு. அளக்கப்படும் புள்ளிகளிலிருந்து வெளியே நீளும் இரண்டு கோடுகள் நீட்சிக் கோடுகள் எனப்படும். அவற்றுக்கு இடையே செல்வது பரிமாணக் கோடு. அதன் முனைகளில் அம்புத் தலைகள் இருக்கும். கோட்டின் மேலோ நடுவிலோ அளவெண் எழுதப்படும். நீட்சிக் கோடு பொருளைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டுத் தொடங்குவது வரைபட மரபு. இந்த இடைவெளியையும், அம்புத் தலையின் நீளத்தையும் கிகேட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

== வகைகள் ==

கிகேட்டின் 5ஆம் பதிப்பு வரை ஒரே வகைப் பரிமாணக் குறிதான் இருந்தது. 2021 டிசம்பரில் வெளிவந்த 6ஆம் பதிப்பில் நான்கு வகைகள் கிடைத்தன. 2023 பெப்ரவரியில் வந்த 7ஆம் பதிப்பில் ஆரக் குறி சேர்ந்தது.

இவற்றுள் அதிகம் பயன்படுபவை நேர்வரிசைக் குறியும் செங்குத்துக் குறியும் ஆகும். நேர்வரிசைக் குறி இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேர்த்தொலைவை அளக்கும். செங்குத்துக் குறி கிடைத்தொலைவை மட்டுமோ நெடுக்குத்தொலைவை மட்டுமோ அளக்கும். புதியவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. ராஸ்பெரி பை கணினியின் 2014 ஆம் ஆண்டு பி பிளஸ் பலகையில் திருகுத் துளைகள் 58 மி.மீ. நீளமும் 49 மி.மீ. அகலமும் கொண்ட செவ்வகத்தின் மூலைகளில் உள்ளன. எதிரெதிர் மூலைத் துளைகளுக்கு இடையே நேர்வரிசைக் குறி இட்டால் 75.93 மி.மீ. என்று காட்டும். செங்குத்துக் குறி இட்டால், இழுக்கும் திசைக்கேற்ப 58 அல்லது 49 என்று காட்டும். மூன்று விடைகளும் சரியானவையே. துளையிடுபவருக்கு உதவுபவை பின்னிரண்டும் ஆகும்.

எஞ்சியவை சுட்டுக்கோடும் மையக் குறியும். சுட்டுக்கோடு அளவைக் காட்டாது. அம்பின் முனையில் ஒரு குறிப்பை மட்டும் எழுத உதவும். மையக் குறி துளையின் நடுவில் இடப்படும் சிலுவைக் கோடாகும்.

== குறியை இடுதல் ==

முதற்புள்ளியையும் இரண்டாம் புள்ளியையும் சொடுக்கிய பின், குறி நிற்க வேண்டிய தொலைவை மூன்றாவது சொடுக்கு முடிவு செய்யும். சுட்டி துளையின் மையத்தையோ கோட்டின் முனையையோ தானாகப் பற்றிக்கொள்கிறதா என்று பார்த்த பின்னரே சொடுக்க வேண்டும். பற்றாமல் அருகிலுள்ள கட்டப் புள்ளியில் விழுந்தால் 58 க்குப் பதிலாக 57.9 போன்ற எண் வரும். வட்டமான அளவு எதிர்பார்த்த இடத்தில் உடைந்த எண் தோன்றினால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

எந்த அளவுகளைக் காட்டுவது என்பதும் சிந்திக்க வேண்டியது. மேற்சொன்ன ராஸ்பெரி பை பலகையின் அகலம் 56 மி.மீ. ஆகும். துளை மையங்கள் விளிம்பிலிருந்து 3.5 மி.மீ. தள்ளி உள்ளன, 3.5, 49, 3.5 ஆகிய மூன்றையும் கூட்டினால் 56 வரும். நான்கு எண்களையும் எழுதினால் ஒன்று மிகையாகும். பின்னர் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் வரைபடம் தன்னோடு தானே முரண்படும். ஒரு மூலையை அடிப்படையாகக் கொண்டு அங்கிருந்து 3.5, 52.5, 56 என்று அளப்பது நல்ல முறை. மிகையான எண்ணைக் காட்டியே ஆக வேண்டுமெனில் அதை அடைப்புக்குறிக்குள் எழுதுவது பொறியியல் வரைபட மரபாகும்.

== அடுக்குத் தேர்வு ==

சுற்றுப்பலகைக் கோப்பு செப்பு, வெள்ளை எழுத்து, விளிம்பு எனப் பல அடுக்குகளாக இருக்கும். பரிமாணக் குறிகள் தயாரிப்பில் பங்குகொள்ளாத ஓர் அடுக்கில் இருக்க வேண்டும். கிகேட்டில் இதற்கு யூசர் டிராயிங்ஸ் என்னும் அடுக்கு உள்ளது. விளிம்பைக் குறிக்கும் எட்ஜ் கட்ஸ் அடுக்கில் நின்றுகொண்டு குறியை வரையத் தொடங்கினால் கிகேட் அதை யூசர் டிராயிங்ஸ் அடுக்குக்குத் திருப்பிவிடும்.

இந்தக் காப்பு தேவையானதே. விளிம்பு அடுக்கிலுள்ள எந்தக் கோடும் வெட்டுகோடாகக் கொள்ளப்படலாம். 1988 இல் வெளிவந்த ஈகிள் மென்பொருளில் பலகையின் விளிம்பைக் கொண்ட 20ஆம் அடுக்கின் பெயரே ‘டைமென்ஷன்’, அதாவது பரிமாணம். அளவுகளுக்கென 47ஆம் அடுக்கு தனியே இருந்தது. பெயரை நம்பி 20ஆம் அடுக்கில் அளவுகளை எழுதினால் அவையும் விளிம்புக் கோடுகளோடு கலந்துவிடும். குழப்பத்தை வலிய அழைக்கும் பெயர் என்றே சொல்ல வேண்டும்.

== திருத்துதல் ==

கிகேட்டில் குறியின் முனைப்புள்ளிகளை இழுத்தால் எண் தானாக மாறும். ஆனால் அப்புள்ளிகள் துளையோடோ விளிம்போடோ பிணைக்கப்பட்டவை அல்ல. துளையை மட்டும் 2 மி.மீ. நகர்த்தினால் குறி பழைய இடத்திலேயே நின்று பழைய எண்ணையே காட்டும். ஆல்ட்டியம் டிசைனரில் குறியைப் பொருளோடு நங்கூரமிடலாம். பொருள் நகர்ந்தால் குறியும் தொடரும். கிகேட் பயனர் துளையையும் குறியின் முனையையும் சேர்த்து நகர்த்த வேண்டும், அல்லது இறுதியில் ஒவ்வொரு குறியையும் சரிபார்க்க வேண்டும்.

குறியின் பண்புகள் சாளரத்தில் அலகு, தசம இடங்கள், முன்னொட்டு, பின்னொட்டு, எழுத்தின் இருப்பிடம் ஆகியவற்றை மாற்றலாம். பின்னொட்டில் ±0.1 என்று எழுதி அனுமதிக்கப்படும் பிழையளவைக் காட்டுவது பயனுள்ளது.

தசம இடங்களைக் குறைக்கும்போது கவனம் வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் அடுத்தடுத்த ஊசிகளின் இடைவெளி 100 மில், அதாவது 2.54 மி.மீ. ஆகும். (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்.) ஆனால் 7ஆம் ஊசிக்கும் 8ஆம் ஊசிக்கும் இடையே 160 மில் உள்ளது. அது 4.064 மி.மீ. ஆகும். ஒரு தசம இடம் மட்டும் காட்டினால் 4.1 என்று தெரியும்; அதை வாசித்து இணைப்பலகை வரைபவர் 0.036 மி.மீ. பிழையுடன் தொடங்குவார். இவ்வளவு சிறிய பிழை ஊசி நுழைவதைத் தடுக்காது என்றாலும், பல எண்களைக் கூட்டும்போது பிழையும் கூடும். எந்த அலகில் வடிவமைக்கப்பட்டதோ அதே அலகில் காட்டினால் இச்சிக்கல் எழாது. கிகேட் உள்ளே எல்லா அளவுகளையும் நானோமீட்டரில் வைத்திருப்பதால் உண்மை அளவு சிதைவதில்லை. திரையில் தோன்றும் எண்தான் சுருக்கப்படுகிறது.

பண்புகளில் மிக இடரானது மதிப்பை மேலெழுதும் வசதி. இதைத் தேர்ந்தால் அளந்த எண் மறைந்து, பயனர் தட்டச்சிட்ட எழுத்து நிற்கும். முனைகளை இழுத்தாலும் அது மாறாது. 55.98 என்று வந்ததை 56 என்று ‘திருத்த’ இதைப் பயன்படுத்துவது தவறு. திருத்த வேண்டியது விளிம்புக் கோட்டையே. அளவுக்குப் பதில் ‘அட்டவணை காண்க’ போன்ற சொற்களை எழுதுவதற்கு இவ்வசதி பொருந்தும். அளவுத்திட்டத்துக்கு ஒவ்வாத எண்ணின் கீழ் கோடிடுவது வரைபட மரபு. கிகேட் அதைத் தானாகச் செய்வதில்லை. பிறர் தந்த கோப்பில் மேலெழுதப்பட்ட குறிகள் உள்ளனவா என்று அறிய, கோப்பை உரைத் திருத்தியில் திறந்து ஓவர்ரைடு, வேல்யூ என்னும் ஆங்கிலச் சொற்கள் அடிக்கோட்டால் இணைந்து வரும் இடங்களைத் தேடலாம். பலகைக் கோப்பு வெறும் உரையாகவே சேமிக்கப்படுவதால் இது இயலும்.

== வெளியீடு ==

தயாரிப்பாளருக்கு அனுப்பும் கெர்பர் கோப்பில் பரிமாணக் குறி தன் இயல்பை இழந்து வெறும் கோடுகளாகவும் எழுத்து வடிவங்களாகவும் மாறிவிடும். அங்கு முனையை இழுத்து எண்ணை மாற்ற இயலாது. திருத்தம் மூலக் கோப்பில் செய்து மீண்டும் வெளியிடப்பட வேண்டும். குறிகள் உள்ள அடுக்கைத் தனிக் கோப்பாகவோ அச்சிடத்தக்க பி.டி.எஃப். ஆகவோ வெளியிடலாம். அடுக்குகள் அனைத்திலும் சேர்த்து அச்சிடும் பட்டியலில் அது தவறுதலாக இடம்பெற்றிருந்தால், செப்பு அடுக்கின் கோப்பிலும் அம்புகளும் எண்களும் புகுந்து செப்பாகவே பலகையில் பதியும்.