நகராமலே மாவட்டம் மாறிய புல்லட்

என் தங்கை மகனுக்குப் பழைய புல்லட் என்றால் பைத்தியம். 2023 கோடையில் ஒரு நாள் போன் செய்தான். "மாமா, செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் 76ஆம் வருஷத்து வண்டி ஒன்று மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. முப்பது வருஷமாக யாரும் எடுக்கவில்லையாம். நீங்களும் வாங்க" என்றான். இஞ்சினைப் பார்க்க அரியலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டான். காகிதத்தைப் பார்க்க நான்.

வண்டியின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. அதை எடுத்ததும் சீட்டிலிருந்து ஒரு கோழி இறங்கி ஓடியது. இரண்டு டயரும் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தன. டேங்க்கில் கையை வைத்தால் துரு கையோடு வந்தது. ஆனால் ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்பியர் மீட்டரின் கண்ணாடி உடையவில்லை. கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். நம் வயதுக்காரர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த வண்டியின் கதை இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் தொடங்குகிறது. ராயல் என்ஃபீல்டு கம்பெனி புல்லட் என்ற பெயரை 1932இலேயே வைத்துவிட்டது. நம் ராணுவத்துக்கு அந்த வண்டி பிடித்துப்போனது. கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கேயே தயாரானது. 1970இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் நம் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். கொட்டகையில் நின்றது அதற்கு முந்தைய வருஷத்து வண்டி. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்.

வண்டிக்காரர் அந்தக் கிராமத்து முன்சீப்பாக இருந்தவர். 1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் பதவிகளை அரசாங்கம் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகும் அவர் இதே வண்டியில்தான் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்தாராம். 1994இல் இறந்துபோனார். அன்று நிறுத்திய வண்டி.

மெக்கானிக் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை. என் மருமகன் ஏறி மிதிக்கப் போனான். "மிதிக்காதீங்க தம்பி, ரிங்கு பிடிச்சிருக்கு, உடைஞ்சிடும்" என்று தடுத்தார். பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் ஊற்றி, நாலு நாள் ஊறவிட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் விட்டுக்கொடுக்கும் என்றார். நின்றுபோன வண்டி வாங்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இரும்புக்கு வைத்தியம் உண்டு.

காகிதத்துக்குத்தான் வைத்தியம் கஷ்டம். மூத்த மகன் நாற்பதாயிரம் விலை சொன்னார். "ஐம்பது ரூபாய் பத்திரத்தில் நானும் தம்பியும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். மருமகன் உடனே பணத்தை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர்.சி. புக் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

எண்பது தாண்டிய அந்த அம்மா உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எல்லாம் இதுலதான் இருக்கு தம்பி, அவர் வச்சது வச்சபடி." ஆர்.சி. புக் இருந்தது. சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் துருவைத் துடைத்து, மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் புத்தகத்தோடு ஒத்துப்போனது. அடியில் 1995 தொடக்கத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் இருந்தது. அதில் நான்கு பெயர்: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள்.

இரண்டு காகிதத்திலும் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. 1995 செப்டம்பரில் திருச்சியைப் பிரித்தபோது இந்தக் கிராமம் பெரம்பலூர் மாவட்டமானது. 2001இல் அரியலூர் மாவட்டம். 2002இல் அதைக் கலைத்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மீண்டும் அரியலூர். வண்டி கொட்டகையை விட்டு ஓர் அடி நகரவில்லை; மாவட்டம் நான்கு முறை மாறிவிட்டது. நான் பிறந்த புதுச்சேரியும் அப்படித்தான். நகராமலே நாடு மாறிய ஊர். 1954இல் நிர்வாகம் கைமாறியது, 1962இல்தான் சட்டப்படி முடிந்தது. அங்கே பள்ளியில் நாங்கள் பிரெஞ்சில் படித்தபோது, வண்டியின் பதிவுச் சீட்டைக் 'கார்த் கிரீஸ்' என்போம், சாம்பல் நிறச் சீட்டு என்று பொருள். ஆட்சி மாறலாம், சீட்டில் உள்ள பெயருக்குத்தான் மதிப்பு என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான்.

"மகள் எங்கே?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. பெரம்பலூரில் கட்டிக்கொடுத்ததாம், நிலத் தகராறில் பதினோரு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. "ஒரு ஓட்டை வண்டிக்கு அவளை எதுக்குக் கூப்பிடணும்?" என்றார் இளைய மகன். நான் விளக்கினேன். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை நேராக விற்க முடியாது. படிவம் 31 கொடுத்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் 29, 30 படிவங்களில் விற்பனை. பதினைந்து வருஷம் தாண்டிய பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. மூன்று பேர் கையெழுத்து மட்டும் இருந்தால் நான் என் மருமகனை வாங்க விடமாட்டேன் என்றேன்.

திரும்பும்போது மருமகன் என்னோடு பேசவில்லை. வேறு யாராவது பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவனுக்குப் பயம்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவே போன் செய்து வரச்சொன்னார். மகள் வந்திருந்தார். அண்ணன் தம்பியிடம் பேசவில்லை. சொம்புத் தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார். காகிதத்தை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வண்டி முதலில் தாயார் பெயருக்கு மாறுவதென்று முடிவாயிற்று. நாற்பதாயிரத்தை அந்த அம்மா நான்காகப் பிரித்து, முதல் பத்தாயிரத்தை மகள் கையில் கொடுத்தார். பிறகு தாயும் மகளும் கொட்டகைக்குப் போய் வண்டியருகே வெகுநேரம் நின்றார்கள். நாங்கள் திண்ணையிலேயே இருந்துகொண்டோம்.

பெயர் மாற்றம், சோதனை, புதுப்பித்தல் எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. மருமகன் இதை 'விண்டேஜ்' என்று பதிய முடியுமா என்று கேட்டான். 2021இல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது நிரம்ப வேண்டும். அப்படிப் பதிந்தால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. இவனுக்கு ஓட்ட வேண்டும். பழைய நம்பரோடு சாதாரணப் பதிவே போதும் என்று விட்டுவிட்டான்.

வண்டி புறப்பட்டதும் முதலில் எங்கே போவது என்று என்னைக் கேட்டான். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அந்த மகள் வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள், சத்தம் கேட்டு அவரே வெளியே வந்துவிட்டார்.