ஒரே வேலை கொடுத்துப் பார்க்கும் வழக்கம்

இரண்டு சாதனங்களில் எது மேல் என்ற வாதம் எழுமானால் இரண்டிற்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்ப்பதே நியாயம் என்பதை, நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டத்தாருக்கு ஒருவர் வந்து போதிக்க வேண்டியதில்லை. அம்மாநிலத்தின் மந்தின் ஊருக்கு மேற்கே, சிலாங்கூர் எல்லைக்குள், முதல் உலக யுத்தம் முடிந்து வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 1921-இல் திறந்த பிராங் பெசார் தோட்டத்தில், பல ஒட்டு ரகங்களை நட்டு, வெட்டி, கண்ட பாலின் அளவை ஒப்பிட்டதன் பயனாகவே பி.பி. 86 போன்ற ரகங்கள் மலாயாவில் பரவின. அந்த நிலத்தில் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அதன் அருகே 1997-இல் சைபர்ஜெயா தொடங்கப்பெற்று, கணினித் தொழில் தோட்டப்புறத்தின் வாசலுக்கே வந்தது. அத்தொழிலிலும் இதே பரீட்சை வழக்கம் வேரூன்றிய சரித்திரம் நாம் அறியத்தக்கது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாளில் முதல் உருவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட், உலாவிக்கு உலாவி வெவ்வேறு விதமாக நடந்துகொண்டமையால், ஒரு பட்டியலை விரித்து மூடுவதற்குங்கூட நிரலர் பல உலாவிகளின் குணபேதங்களை மனத்தில் வைத்து எழுத வேண்டியிருந்தது. அச்சிரமத்தைத் தீர்க்க, ஒருவர் எழுதியதைப் பலரும் பிரயோகிக்கும் நிரல் நூலகங்கள் பிறந்தன. 2005-இல் சாம் ஸ்டீபன்சனின் புரோட்டோடைப்பும், 2006-இல் ஜான் ரெசிக்கின் ஜேக்வெரியும், அவற்றையொட்டி மூடூல்ஸும் வந்தபின், எதைக் கைக்கொள்வது என்ற விவாதம் மூண்டது. மூடூல்ஸைச் சிருஷ்டித்த வலேரியோ புரொயெட்டியின் ஸ்லிக்ஸ்பீடு என்னும் பரீட்சை, பக்கத்தில் இன்ன இன்ன உறுப்புகளைத் தேடு என்று எல்லா நூலகங்களையும் கேட்டு, ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட மில்லிவினாடிகளை வரிசையாக வைத்துக் காட்டியது. 2009-க்குள் உலாவிகளே அத்தேடலைத் தம்முள் ஏற்றுக்கொண்டன. போட்டி ஓய்ந்தது, போட்டியின் பலன் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நிலைத்தது.

2011-இல் ஆடி ஒஸ்மானி தொடங்கிய டூடூஎம்விசி என்னும் பரீட்சை, வேகத்தை விடுத்து நிரலெழுத்தின் அமைப்பைக் கவனித்தது. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றில் சேர்த்தல், முடிந்ததைக் குறித்தல், வடிகட்டல், நீக்கல் என்ற சில காரியங்களையே ஒவ்வொரு நூலகத்திலும் எழுதிக் காட்டியதால், பின்னர் தோன்றிய ரியாக்ட், வியூ என்னும் நூலகங்களைப் பயில்பவர்களும் அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்புநோக்க முடிந்தது. 2014-இல் யூஜென் கிஸ் இவ்வாறே ஒப்பிடுவதற்கென ஏழு சிறு பணிகளை வகுத்தார். ஸ்டெஃபான் கிராவ்ஸ் நூலகந்தோறும் ஆயிரம் வரிகள் கொண்ட அட்டவணையை உருவாக்கி, மாற்றி, அழித்து நேரத்தை அளந்தார்.

வேலையைத் தேர்ந்தெடுப்பவரின் உலகமே பரீட்சையின் எல்லையாகிவிடுகிறது என்பதுதான் இவ்வழக்கத்தின் குறை. இப்பரீட்சைகள் எதிலும் இல்லாத சாமானியமான பணி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பெட்டியில் தட்டச்சிடும் பெயரின் எழுத்துகளை எண்ணிக் காட்டுவது. 'மந்தின்' என்று இட்டால், தமிழ்ப்பள்ளிக் குழந்தை நான்கு எழுத்து என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கோ, மகரத்தையும், நகரத்தையும் னகரத்தையும் அவ்விரண்டின் புள்ளிகளையும், தகரத்தையும் அதன் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணி, ஏழு என்கிறது. ஜேக்வெரி, ரியாக்ட், வியூ எதைக் கொண்டு எழுதினாலும் அந்த அடிப்படைக் கணக்கையே நம்பினால் விடை ஏழுதான். இதற்குரிய இன்டல்.செக்மென்டர் என்னும் பரிகாரம் குரோம் உலாவிக்கு 2020-இலும் ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024-இலுமே கிட்டியது. அதைக் கொண்டு எண்ணினால் நான்கு என்றே வருகிறது.

ஆதலால் நூலகங்களைச் சீர்தூக்கப் புகும் தமிழ் இளைஞர்கள், பிறர் வகுத்த பணிகளோடு நில்லாமல், எழுத்தெண்ணுதலையும் பெயர்களை அகரவரிசைப்படுத்துதலையும் தம் பரீட்சையில் சேர்த்துக்கொள்வது அவசியம். மெய்கள் பதினெட்டில் கடைசியான னகரத்தை, யூனிகோடு எண்ணின்படி நகரத்துக்கு அடுத்தே கொண்டுவந்து நிறுத்தும் நிரல், ஆயிரம் வரிகளை எத்துணை விரைவாக அடுக்கினாலும், தமிழ்ப் பெயர்ப்பட்டியலைப் பிழையாகவே அடுக்கும்.