பஞ்சத்தில் பிறந்த முடிச்சு

பார்த்தால் மிளகளவுதான் இருக்கும். நூல்வலையின் நடுவே ஒரு விதையை ஒளித்து வைத்தாற்போலப் புடைத்து நிற்கும். அயர்லாந்தின் மோனகன் மாவட்டத்தில் இருக்கும் க்ளோனிஸ் என்ற சிற்றூரின் பெயர்தான் இந்த முடிச்சுக்கும். குரோஷா கற்பவர்கள் சங்கிலியும் ஒற்றைப் பின்னலும் கைவந்த பிறகே இதற்கு வருவார்கள். அழகுக்காகப் போடப்படும் இந்த முடிச்சு, அடுப்பெரியாத வீடுகளில் பழகப்பட்டது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் இறங்கியது. ஏழைக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு. தோண்டிய கிழங்கு கையிலேயே அழுகிக் கூழானது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் பொய்த்தது. சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அத்தனை சாவுக்கு நடுவிலும் அங்கே விளைந்த தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன. நில வாடகையும் நிற்கவில்லை.

கணவனுக்குக் கூலி வேலை இல்லை, நிலத்தில் விளைச்சல் இல்லை. வீட்டிலிருக்கும் பெண் எதை விற்றுக் காசு பார்ப்பாள்? ஒரு நூல்கண்டும் ஒரு கொக்கி ஊசியும் அதற்கு வழி காட்டின. தெற்கே கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் மடத்தில் குரோஷா சொல்லிக் கொடுத்தார்கள். வடக்கே, 1847இல் க்ளோனிஸ் ஆலயத்துக்குப் போதகராக வந்த தாமஸ் ஹேண்டின் மனைவி கசாண்ட்ரா, ஊரின் நிலையைக் கண்டு சும்மா இருக்கவில்லை. கில்டேர் மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்துவந்த பயிற்சியைப் பற்றி அறிந்து, அங்கிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்தார். சுற்றுவட்டாரப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். விற்பனைக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பை கசாண்ட்ரா ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே க்ளோனிஸ் லேஸ் என்றால் வெளியூர்க் கடைகளிலும் தெரிந்தது.

க்ளோனிஸ் பெண்கள் பார்த்துச் செய்த மூலம் இத்தாலியின் வெனிஸ் லேஸ். பூவும் கொடியும் மேடாக எழும்பி நிற்கும் அந்த லேஸைத் தையலூசியால் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதே புடைப்பைக் குரோஷாவில் வெகு விரைவாகக் கொண்டுவரலாம் என்று வழிமுறைகளோடு புத்தகம் போட்டவர் ரீகோ டி லா பிராங்ஷார்டியேர். தாய்வழியில் ஐரிஷ்காரரான அவருடைய வேலைக்கு 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது.

இந்தப் பின்னலின் சூட்சுமம், அதைத் துண்டு துண்டாகச் செய்யலாம் என்பதில் இருக்கிறது. தடித்த நூலைச் சரடாக உள்ளே வைத்து அதன்மேல் நெருக்கமாகப் பின்னினால் இதழின் விளிம்பு பருத்து எழும்பும். அடுக்கடுக்காக இதழ் வைத்த ரோஜா ஒரு வீட்டில் உருவாகும். திராட்சைக் குலை இன்னொரு வீட்டில், சாம்ராக் இலை அடுத்த வீட்டில். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டுகள். பிள்ளை அழுதால் கீழே வைக்கலாம், அது தூங்கியதும் விட்ட இடத்தில் தொடரலாம். வீட்டு வேலையோடு இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

துண்டுகள் சேர்ந்ததும் வரைபடம் போட்ட காடாத்துணியில் அவற்றைக் குப்புற வைத்து ஓட்டுத்தையல் போடுவார்கள். இடைவெளிகளை நூல்வலையால் நிரப்புவார்கள். க்ளோனிஸ் முடிச்சு உட்காரும் இடம் அந்த வலை. முதலில் சில சங்கிலிகள். பிறகு நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, ஊசியைச் சங்கிலிக்கு அடியில் விட்டு நூலை வாரி மேலே கொண்டுவர வேண்டும். மறுபடி சுற்று, மறுபடி அடியில். ஊசி ஊஞ்சல்போல இப்பக்கமும் அப்பக்கமும் போய்வரும். பத்துப் பன்னிரண்டு முறை ஆனதும் ஊசி நிறைய நூல் வளையங்கள் நெருங்கி நிற்கும். அத்தனைக்கும் ஊடாக ஒரே இழுப்பில் நூலை உருவிப் பூட்ட வேண்டும். இறுக்கிச் சுற்றியிருந்தால் ஊசி நகராது. தளர்த்தியிருந்தால் முடிச்சு சங்கிலியில் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பதம் கட்டைவிரலுக்குப் பிடிபடக் கொஞ்ச நாளாகும். கடைசியில் ஓட்டுத்தையலைப் பிரித்துக் காடாத்துணியை உரித்தெடுத்தால் லேஸ் தனியே வந்துவிடும். கரிமண் எரியும் குடிசைப் புகையில் கறுத்துப்போன அதை வெளுத்து, கஞ்சி போட்டு விற்பனைக்கு அனுப்புவார்கள்.

அயர்லாந்தில் பஞ்சம் வாட்டிய அதே காலத்தில், அந்நாட்டின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது தலையணைமேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேறு வகை. ஆனால் கையில் நாலு காசு புழங்கினால் பெண்ணின் நிலை மாறும் என்ற எண்ணம் இரண்டு ஊர்களுக்கும் பொது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரிஷ் குரோஷாவில் முழு கவுனே செய்து உடுத்துவது பாரிஸில் நாகரிகமானது. ஆனால் அதற்கு முன்பே ஸ்விட்சர்லாந்தின் எம்பிராய்டரி இயந்திரங்கள் இதன் சாயலை மலிவாக அச்செடுக்கத் தொடங்கியிருந்தன. முதல் உலகப்போர் வந்தது, உடைகள் எளிமையாயின, வாங்க ஆளில்லாமல் போயிற்று. 1980களின் இறுதியில் மோய்ரா ட்ரெய்னர் போன்றவர்கள் க்ளோனிஸில் இதை மீட்க இறங்கினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான பூக்கள் தாயிடமிருந்து மகளுக்குக் கைவழியே போனவை. எழுதி வைக்கப்படாத அந்தப் பூக்களை அறிய, பழைய கழுத்துப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்து, இதழுக்கு எத்தனை பின்னல், முடிச்சுக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டியிருக்கிறது.