பொண்ட் மாறுவார், சங்கர் மாறமாட்டார்

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற பெரியவர்களிட்ட ஜேம்ஸ் பொண்ட் பற்றிக் கதை கொடுத்தோம். அவங்க சொன்ன பெயர் ஷோன் கொனரி இல்லை, ஜெய்சங்கர்!

1962இல் 'டொக்டர் நோ'வோடு தொடங்கிய பொண்ட் படங்களில் முதன்முதலாக ஆள் மாறியது 1969இல். கொனரி விலக, படங்களில் நடித்துப் பழக்கமில்லாத அவுஸ்திரேலிய விளம்பர மொடல் ஜோர்ஜ் லேஸன்பி வந்தார். ஒரே படம்தான். 1971இல் கொனரியையே திரும்பக் கூட்டிவந்தார்கள். 1973இல் ரொஜர் மூர். சம்மாட்டி மாறினாலும் வலை அதேதான் என்கிற மாதிரி, 007 என்ற இலக்கம் தப்பிப் பிழைத்தது. (நாங்க லேஸன்பி கட்சி. அது வேற கதை.)

எங்கட தமிழில் நடந்தது நேர்மாறு. சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. 'தென்னிந்திய ஜேம்ஸ் பொண்ட்' என்ற பட்டம் அவரோடயே ஒட்டிக்கொண்டது. 1970இல் வந்த படத்தின் பெயரே 'சி.ஐ.டி. சங்கர்'. நடிகரின் பெயரையே பாத்திரத்துக்கும் வைத்தாச்சு; பிறகு இன்னொருத்தர் எப்படிச் சங்கராக வருவது?

1986இல் 'விக்ரம்' படத்தில் உளவாளியாக வந்தவர் கமல்ஹாசன். 36 வருஷம் கழித்து, 2022இல் ஏஜென்ட் விக்ரம் திரும்பி வந்தபோது தாடி நரைத்திருந்தது. ஆள் மட்டும் அதே கமல்தான்.