மலிவு ஸ்பேனரும் மதுரைப் பட்டறையும்: ஒரு சிறு வரலாறு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். ராக்கெட், ரோபோ என்றெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சாதாரண ஸ்பேனரை. நாம் முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் பிடித்துவிட்டு, டிகிரி வாங்கியதும் மறந்துபோன பொருள். ஆனால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் ரோட்டோரம் பட்டறை போட்டிருக்கும் ஒரு தம்பிக்கு அதுதான் மூலதனம். பத்துப் பதினைந்து கருவிகள், ஒரு தகரப்பெட்டி, ஒரு வேப்பமர நிழல். தொழில் தொடங்கியாகிவிட்டது! அந்தப் பெட்டியில் இருப்பது நல்ல இரும்பா, வெறும் பளபளப்பா என்பதில்தான் அவனுடைய பிழைப்பே இருக்கிறது.

பெட்டிக்குள் மூன்று அளவுகள்

மதுரையில் மோட்டார்த் தொழிலின் கதை டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனத்தோடு ஆரம்பிக்கிறது. பஸ் வந்தது, பஸ்ஸோடு பட்டறை வந்தது, பட்டறையோடு மெக்கானிக் என்ற புதுத் தொழிலாளியும் வந்தார். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இந்த அறுபது வருஷத்தில் மெக்கானிக்கின் பெட்டி கனத்துக்கொண்டே போனது. காரணம், வண்டிகள் பல நாட்டு அளவுகளில் வந்தன.

முதலில் இங்கிலாந்து அளவு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் போல்ட்டு மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அந்த ஸ்பேனரில் அரை அங்குலம் என்று எழுதியிருந்தால் அது போல்ட்டின் விட்டம். ஸ்பேனர் வாயின் அகலமோ 0.92 அங்குலம்! அடுத்தது, எழுதிய எண்ணே வாயின் அகலமாக இருக்கும் அங்குல ஸ்பேனர். ஜீப்பும் அம்பாசடரும் இதைக் கேட்டன. மூன்றாவது மில்லிமீட்டர். 1954-ல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் கூட்டுறவோடு லாரி செய்யத் தொடங்கியதும் இது பரவியது. நம் நாடு 1956-ல் சட்டம் இயற்றி, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. 1980-ல் டி.வி.எஸ். 50-ம், 1983-ல் மாருதியும் வந்தபிறகு மில்லிமீட்டர் ஆட்சி நிலைத்தது. ஆனாலும் அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததை மறந்துவிடக் கூடாது.

மூன்று செட் வாங்க எல்லோருக்கும் வசதி ஏது? இருக்கிற ஸ்பேனரை வைத்துச் சமாளித்தார்கள். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர். அதற்குப் ‘பதிமூணு’ போட்டால் கொஞ்சம் ஆடும், ஆனால் வேலை நடக்கும். 9/16 அங்குல நட்டு 14.3 மில்லிமீட்டர். அதற்குப் ‘பதினாலு’ நுழையாது, ‘பதினஞ்சு’ நன்றாகவே ஆடும். முக்கால் அங்குலத்துக்குப் ‘பத்தொன்பது’ அப்படியே பொருந்தும். இந்தக் கணக்கெல்லாம் பட்டறைப் பையன்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். நட்டுகளின் மூலை மழுங்கியதற்கும் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்!

நம் ஊர்க்கடைக்கு வரும் வழி

இந்தியாவில் கைக்கருவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும். சிறுசிறு பட்டறைகளாக வளர்ந்த தொழில் அது. மத்திய அரசும் பஞ்சாப் அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1983-ல் ஜலந்தரில் மத்தியக் கைக்கருவி நிறுவனத்தை அமைத்தன. மேற்கே நாசிக்கில் ஆலை வைத்திருக்கும் தபாரியா, ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1969-ல் கைக்கருவி உற்பத்தியில் இறங்கியது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் கட்டிங் பிளேயர் என்றால் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதைப் பார்க்கலாம்.

தரத்துக்கு அளவுகோல் வகுத்தது 1947-ல் பிறந்த இந்திய தர நிர்ணய நிறுவனம். அதுதான் 1987-ல் பி.ஐ.எஸ். ஆனது. திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650 என்று தனித்தனித் தர எண்கள் உண்டு. மதுரைக் கடையில் கருவி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறோம்?

இன்றைக்குக் கடை நிறையச் சீனத்துப் பெட்டிகள். பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் நாற்பது உருப்படி கண்ணைப் பறிக்கும். நிதி ஆயோக் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகக் கைக்கருவி வர்த்தகத்தில் இந்தியாவின் பங்கு 1.8 சதவீதம்தான், அதாவது சுமார் 60 கோடி டாலர். சீனாவோடு ஒப்பிட்டால் நமக்கு உற்பத்திச் செலவு 14 முதல் 17 சதவீதம் வரை கூடுதல் என்கிறது அதே அறிக்கை. விலையில் முந்துவது சிரமம் என்றால் தரத்தில்தான் முந்த வேண்டும். வாங்குகிறவருக்குத் தரம் பார்க்கத் தெரிந்தால்தான் அதுவும் நடக்கும்.

நட்டின் மூலையில் நடப்பது

நாம் படித்த மெக்கானிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். 17 மி.மீ. நட்டு, சுமார் 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனர். கை கொடுக்கிற விசை 20 கிலோ. நட்டின் மூலையில் அந்த விசை ஏறக்குறைய 400 கிலோவைத் தாண்டிவிடும். நல்ல ஸ்பேனரில் இந்தப் பாரம் மூலையை ஒட்டிய பக்கத்தில் கொஞ்சம் பரவி விழும். வாய் அரை மில்லிமீட்டர் அகன்றுவிட்டால் பிடிப்பதற்கு முன்பே ஸ்பேனர் 3 டிகிரி ஆடும். ஒரு மில்லிமீட்டர் அகன்றால் 6 டிகிரிக்கு மேல். அப்போது மொத்தப் பாரமும் ஒரே கோட்டில் விழும். நட்டு உருண்டையாகும், ஸ்பேனர் வழுக்கும், விரல் முட்டி தோல் உரியும். மெக்கானிக்கின் கையைப் பார்த்தாலே அவர் எந்த மாதிரி ஸ்பேனரில் தொழில் பழகினார் என்று சொல்லிவிடலாம்.

வாய் ஏன் அகலுகிறது? இரும்பில் பதம் இல்லாததால். கிராமத்துக் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் துவைச்சல் கொடுப்பாரே, அதே வித்தைதான். ஆலையில் குரோம் வனேடியம் போன்ற எஃகைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்குகிறார்கள். பிறகு மறுபடி காய்ச்சி எண்ணெயில் குளிரவைத்து, மூன்றாம் முறை மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். நல்ல ஸ்பேனரின் கடினம் பொதுவாக ராக்வெல் ‘சி’ அளவில் 40-லிருந்து 50-க்குள் நிற்கும். குறைந்தால் வாய் விரியும். மிகவும் கூடினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். மலிவு ஸ்பேனரில் முதலில் கைவைப்பது இந்தப் பதப்படுத்தலில்தான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. முலாம் பளிச்சென்று தெரியும்!

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒன்று: செய்தவர் பெயரும் அளவும் இரும்பிலேயே பதிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் யோசியுங்கள். ‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்து மட்டும் அத்தாட்சி ஆகாது. எழுத்தை எந்த இரும்பிலும் அடிக்கலாம்.

இரண்டு: சட்டைப்பையில் ஒரு புது 8 மி.மீ. போல்ட் கொண்டுபோங்கள். அதன் தலைக்குப் ‘பதிமூணு’ தயங்காமல் நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆடக் கூடாது.

மூன்று: கடைக்காரர் சம்மதித்தால் ஓர் அரத்தின் மூலையால் ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். பச்சை இரும்பு மாதிரி சுலபமாகக் கடித்தால் பதமில்லை. கடிக்கவே மறுத்து வழுக்கினால் நொறுங்கும் ஜாதி. சிரமப்பட்டுக் கடித்தால் சரியான பதம்.

நான்கு: கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் வாயில் வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய கம்பி வெட்டுப்படாது. மூட்டில் பக்கவாட்டு ஆட்டமும் இருக்கக் கூடாது.

ஐந்து: முலாம் உரிகிற கருவி கையைக் கிழிக்கும். கறுப்பாக, மங்கலாக இருப்பதாலேயே ஒரு கருவி மட்டமாகிவிடாது.

விலை வேறு, மதிப்பு வேறு

அப்படியானால் எல்லாவற்றையும் உயர்ந்த விலையில்தான் வாங்க வேண்டுமா? அதுவும் இல்லை. தினமும் கையில் புரளுகிற 10, 12, 13, 14, 17 ரிங் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு திருப்புளி. இவற்றில் காசு பார்க்காதீர்கள். சுத்தியலிலும் வேண்டாம், சில்லு தெறித்தால் போவது கண். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற பெரிய ஸ்பேனர்களுக்கு மலிவு போதும். நாற்பது உருப்படிப் பெட்டியில் முப்பது பெட்டியிலேயே தூங்கும். அந்தப் பணத்துக்கு ஆறு நல்ல ஸ்பேனர் வாங்கலாம்.

அமெரிக்காவில் சியர்ஸ் கடை 1927-ல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் சாமானியருக்கான கருவிகளைக் கொண்டுவந்தது. அவை பேர் வாங்கியது விலையால் மட்டும் இல்லை. உடைந்தால் மாற்றித் தருவோம் என்ற உத்தரவாதத்தால். மலிவும் தரமும் பகையாளிகள் அல்ல. நடுவில் ஒரு பொறுப்பு இருந்தால் சேர்ந்தே வரும்.

அந்தப் பொறுப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1957-ல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் திருப்பரங்குன்றத்தில் நம் கல்லூரியைத் தொடங்கினார். படிப்பு இந்த மண்ணுக்கும் பயன்பட வேண்டாமா? ராக்வெல் எந்திரத்தில் ஒரு ஸ்பேனரைச் சோதிக்கச் சில நிமிஷம் போதும். ஒரு சிறு புள்ளி விழும், கருவி கெடாது. மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைத்து, ‘உங்க ஸ்பேனரக் கொண்டாங்கண்ணே, பாத்துச் சொல்றோம்’ என்று புதூரிலிருந்தும் கப்பலூரிலிருந்தும் மெக்கானிக்குகளை அழைத்தால் என்ன? மாணவர்களுக்கு உண்மையான பொருளில் சோதனை செய்யும் பழக்கம் வரும். அந்தத் தம்பிக்கோ அடுத்த முறை கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரியும். செலவு அதிகமில்லை. கல்லூரி நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும் பொறுப்பைச் சங்கத்தின் பொதுக்குழு ஏற்க வேண்டும். முதல் சனிக்கிழமை எந்திரத்தின் பக்கத்தில் நிற்க நான் தயார். இன்னும் நாலு பேர் கை தூக்குங்கள்.