பிரிக்காத மூட்டை

பள்ளியிலிருந்து பிள்ளைகளுக்கு வரும் பாடங்களில் ‘ஜிப்’ என்று முடியும் கோப்பு ஒன்று சில வேளை இருக்கும். பல கோப்புகளை அமுக்கி ஒன்றாகக் கட்டிய மூட்டை அது. ஆனால் அதைத் திறந்தால், சாதாரணக் கோப்புறையைப் போல் உள்ளிருப்பவை வரிசையாகத் தெரிகின்றன. மூட்டை பிரிக்கப்படவே இல்லை! இந்த வித்தை எப்படி வந்தது என்று இன்று காண்போம்.

1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு ‘டார்’ என்ற மென்பொருள் வந்தது. காந்த நாடாவில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது அதன் வேலை. அமுக்கத் தெரியாது, பட்டியலும் கிடையாது. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்றறிய, நாடாவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டியாக வேண்டும்.

1985இல் அமெரிக்காவில் ‘ஆர்க்’ வந்தது. அது அமுக்கவும் செய்தது. மில்வாக்கி நகரத்து ஃபில் காட்ஸ் என்ற இளைஞர் அதே வகை மூட்டையை இன்னும் விரைவாகக் கட்டும் மென்பொருளை எழுதி விற்றார். ஆர்க் நிறுவனம் 1988இல் வழக்குத் தொடுத்தது. அப்போது பலர் காட்ஸின் பக்கமே பரிந்து பேசினார்கள். நியாயம் முழுவதும் அவரிடமே இருந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். வழக்கு சமரசத்தில் முடிந்தது. காட்ஸ் ஆர்க் முறையைக் கைவிட்டு, 1989இல் ஜிப் என்ற புது முறையைக் கொண்டுவந்தார். அதன் அமைப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டும் விட்டார். 2000ஆம் ஆண்டு, 37ஆம் வயதில் அவர் காலமானார்.

ஜிப்பின் சூட்சுமம் இரண்டு. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே அமுக்கப்படுகிறது. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மூட்டையின் வாலில் இருக்கிறது. ஆகவே வாலைப் படித்தால் போதும்; வேண்டியதை மட்டும் உருவி எடுக்கலாம்.

இதோடு இன்னொரு யோசனை சேர்ந்தது. 1980களின் நடுவில் சன் நிறுவனத்தார், கோப்பு கேட்கும் மென்பொருளுக்கும் அதை வைத்திருக்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடையாளை நிறுத்தினார்கள். தோட்டத்துக் கிராணியிடம் ஒரு சாமானைக் கேட்கிறோம். அது கிடங்கில் எந்த மூலையில் கிடக்கிறது என்பது நமக்கு எதற்கு? அதைப் போலத்தான். 1994இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகெல் டி இகாசா தொடங்கிய ‘மிட்நைட் கமாண்டர்’ இதே முறையில் டார், ஜிப் மூட்டைகளைக் கோப்புறைகளாகவே காட்டியது. விண்டோஸில் 1998இல் தனிச் சேர்க்கையாக வந்த இவ்வசதி, 2001இல் எக்ஸ்பியிலேயே அமைந்திருந்தது.

ஆனால் ஒரு சங்கடம். விண்டோஸில், பிள்ளை மூட்டைக்குள்ளேயே பயிற்சித் தாளைத் திறந்து விடை எழுதினால், கணினி காட்டுவது தற்காலிக நகலைத்தான். எழுதியது மூட்டைக்குள் போய்ச் சேராது. இரவெல்லாம் எழுதிய விடை காலையில் காணவில்லை என்று பிள்ளை அழுவது இதனால்தான். முதலில் மூட்டையைப் பிரித்து வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு எழுதச் சொல்லுங்கள்.